பூஜையில் இருந்த ஸ்பேனர்

போன மாதம் ஹெப்பாளிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் கடைசியாக வேலை பார்த்த தொழிற்சாலையின் வண்டிப் பிரிவில் இப்போது இருப்பவர்கள். ஒருவன் பழைய வண்டி வாங்கப் போகிறான். ஜீப்பைவிடப் பெரிது, பின் சீட்டை மடக்கினால் மூன்று பேர் படுக்கலாம் என்றான்.

"நீங்க வந்து ஒரு பார்வை பாத்துச் சொன்னா போதும், மாமா."

"பார்வை போதாது," என்றேன்.

"அப்புறம் என்ன, ஜாதகமும் கொண்டு வரணுமா?" என்று மற்றவன் சிரித்தான்.

"பின் ஆக்ஸில்ல இருக்கிற ஆயில் நட்டைக் கழட்டணும். கழட்ட வண்டிக்காரன் ஒத்துக்கணும்."

ஏன் என்று கேட்டார்கள். சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியைத் தொழிற்சங்க மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் நாலாம் வகுப்பு. பிழை இருந்தால் சங்கத்தார் திருத்திக்கொள்ளட்டும். எழுதாவிட்டாலும் அது எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எழுதினால் நிற்குமா என்று பார்க்கிறேன்.

மைசூரில் பட்டறை வேலை கற்றுக்கொண்ட ஆறு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். பிறகு கழற்ற விட்டார்கள். பிறகு மாட்ட விட்டார்கள். அதற்குள் யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்துவிட்டது.

அப்போது புது வண்டி சுலபத்தில் கிடைக்காது. பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பட்டாளத்துக்கு வந்த வண்டிகள்தான் ஏலத்தில் கிடைத்தன. கடல் கடந்து வந்த பெரிய வேகன்கள். நாலு சக்கரமும் இழுக்கும். தோட்டக்காரர்களும் மரக் காண்டிராக்டர்களும் போட்டி போட்டு வாங்கினார்கள். பெங்களூர்த் தரகர்கள் அவற்றுக்குப் பச்சைப் பெயிண்டை மறைத்து வேறு பெயிண்ட் அடித்துக் கொண்டுவருவார்கள். எந்த வண்டி எந்த ஊர்ச் சேற்றில் எத்தனை மாதம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது எங்கள் பட்டறையின் வேலையாயிற்று.

பட்டறை ராமானுஜய்யங்காருடையது. மேல்கோட்டைப் பக்கத்து மனிதர். நெற்றியில் நாமத்தோடு வண்டிக்கு அடியில் படுப்பார். வெளியே வரும்போது கை முழுவதும் கறுப்பாக இருக்கும். நாமம் மட்டும் கலைந்திருக்காது. பேச்சு குறைவு. எனக்கும் குறைவு. இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்க ஒரே இன்ஜினில் வேலை செய்து நாலு வார்த்தை பேசியிருப்போம்.

பழைய வண்டி பார்க்க அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் பானெட்டில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் பார்க்கவே மாட்டார். "ஆறட்டும்" என்று உள்ளே போய்விடுவார். சூடு பண்ணிக் கொண்டுவருகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர் கணக்கு. ஆறிய பிறகு வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரிப்பார். எது எங்கே ஒழுகுகிறது என்று துணி சொல்லும். பிறகு வண்டி முன்னால் ஹாண்டிலைப் போட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்றுவார். ஒவ்வொரு சிலிண்டரும் கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். ஒன்று தள்ளாமல் விட்டால் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். கதவுகளை இரண்டு விரலால் சாத்திப் பார்ப்பார். சட்டம் வளைந்த வண்டியில் ஒரு கதவாவது அடம் பிடிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் ஸ்பேனர். இன்ஜினில் ஒரு சொட்டு, கியர் பெட்டியில் ஒரு சொட்டு, பின் சக்கரங்களைச் சுற்றும் பல்சக்கரம் இருக்கிற பின் ஆக்ஸிலில் ஒரு சொட்டு எண்ணெய் எடுப்பார். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார். முகர்ந்து பார்ப்பார். வெயிலில் பிடிப்பார். இரும்புத் தூள் மின்னும். கடைசியாகச் சாமுண்டி மலை. இரண்டாம் கியரில் ஏற்றி, காலை எடுத்துவிட்டு இறக்கி, கீழே வந்ததும் மறுபடி துணியைப் பார்ப்பார்.

அதற்கப்புறம் ஒரு வார்த்தை சொல்வார். அவரிடம் மூன்று வார்த்தைதான் இருந்தது. வாங்கலாம். வேண்டாம். தெரியலை. தெரியலை என்று சொன்னால் வந்தவர்களுக்குக் கோபம் வரும். "இதுக்கா ஒரு நாள் பூரா பாத்தீங்க?" என்பார்கள். அவர் கையைக் கழுவப் போய்விடுவார்.

எஸ்தர் நர்ஸம்மா விஷயம் நடந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அவர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, பிறகு சாமராஜநகருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வைத்தியசாலையை நடத்தினார். பிரசவம் சிக்கலானால் மைசூருக்குத்தான் கொண்டுவர வேண்டும். மாட்டு வண்டியில் போட்டு ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ கொண்டுவருவார்கள். வழியிலேயே உயிர் போன பெண்கள் உண்டு. ஒரு வண்டி வேண்டும் என்று நர்ஸம்மா இரண்டு வருஷம் வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்தார். பெண் படுத்து வர வேண்டும், மழையில் மண் ரோட்டில் ஏற வேண்டும். அதனால் பட்டாளத்து வேகன்தான் சரி என்று முடிவு செய்தார்.

பெங்களூர்த் தரகன் ஒருவன் அப்படி ஒரு வேகனைக் கொண்டுவந்தது ஆயுத பூஜை அன்று.

அன்று எங்கள் பட்டறையில் காலையிலேயே எல்லாச் சாமான்களையும் கழுவித் துடைத்து ஒரு பலகையில் அடுக்கிவிடுவோம். ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி, எல்லாம். சந்தனம், குங்குமம், செவ்வந்திப் பூ. பூஜை முடிந்தபின் மறுநாள் காலை வரை எதையும் எடுக்கக் கூடாது. ஊரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அன்றைக்கு அப்படித்தான்.

வேகனுக்கும் பூஜை ஆகியிருந்தது. முன்னால் இரண்டு வாழைக்கன்று, பானெட்டில் மாலை. அய்யங்கார் வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவர்களுக்குப் பொரியும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்துக்கொண்டிருந்தார். மடி வேஷ்டி கட்டியிருந்தார்.

"நாளைக்கு விஜயதசமி. மரக் காண்டிராக்டர் ஒருத்தர் காலையிலேயே வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கார்," என்றான் தரகன். "நர்ஸம்மா நல்ல காரியத்துக்குக் கேக்கறாங்களேன்னு முதல்ல இங்க வந்தேன்."

கூடவே வந்திருந்த நர்ஸம்மா அய்யங்காரைப் பார்த்தார். அய்யங்கார் என்னைப் பார்த்தார்.

"நான் இன்னிக்குக் கை வெக்க முடியாது," என்றார். "சூசை பாப்பான்."

அதுவரை நான் தனியாக ஒரு வண்டிக்கும் வார்த்தை சொன்னதில்லை.

எல்லாம் செய்தேன். பானெட் ஆறியிருந்தது. துணி விரித்தேன். ஹாண்டில் சுற்றினேன், ஆறு சிலிண்டரும் கையைத் தள்ளின. கதவு நாலும் சரியாகச் சாத்திக்கொண்டன. பிறகு குனிந்து பின் ஆக்ஸிலைப் பார்த்தேன். அந்த நட்டு என் முகத்துக்கு நேரே இருந்தது.

பலகை இருபதடி தூரத்தில் இருந்தது. எனக்கு வேண்டிய ஸ்பேனர் மேல் வரிசையில் மூன்றாவது. அதன் மேல் ஒரு பூ இருந்தது. கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். அந்தப் பட்டறையில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசாமல் இருந்ததே எனக்குப் போதும், அதைக் கிளற வேண்டாம் என்று இருந்தேன். வண்டியிலேயே ஸ்பேனர் இருக்குமா என்று தரகனைக் கேட்டேன்.

"எல்லாம் பூஜைல இருக்கப்பா," என்றான்.

சாமுண்டிக்கு ஓட்டிப் போனேன். பக்கத்தில் நர்ஸம்மா. வண்டி சத்தமில்லாமல் ஏறியது. பின்னால் ஒரு முனகல்கூட இல்லை. பட்டாளத்தில் உழைத்த வண்டியின் பின் ஆக்ஸில் கொஞ்சமாவது முனகும். முனகாததுதான் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"எப்படி சூசை?" என்றார் நர்ஸம்மா. "நீ மாதா கோயில்காரன், நான் வேற கோயில். இருந்தாலும் உன் வார்த்தையை நம்பறேன்."

திரும்பி வந்து துணியைப் பார்த்தேன். ஒரே ஒரு சொட்டு. ஒரு சொட்டை ஒழுகல் என்று சொல்ல முடியாது.

வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள். அய்யங்காரும் இருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வாங்கலாம்," என்றேன்.

மறுநாள் விடியற்காலையிலேயே நர்ஸம்மாவும் டிரைவர் சிக்கண்ணாவும் வேகனை எடுத்துக்கொண்டு சாமராஜநகர் புறப்பட்டுப் போனார்கள். நான் ஏழு மணிக்குப் பட்டறை திறந்தேன். அய்யங்கார் பலகைக்குக் கற்பூரம் காட்டிவிட்டுச் சாமான்களை இறக்கச் சொன்னார். நான் முற்றத்தில் கிடந்த துணியை முதலில் எடுத்தேன். நேற்றைய சொட்டு ஊறிப் பெரிய வட்டமாகியிருந்தது. எண்ணெய் பரவிப் போயிருந்தது. நடுவில் மஞ்சளாகப் பொடி நின்றிருந்தது.

அய்யங்கார் வாங்கி விரலில் தேய்த்தார். முகர்ந்தார்.

"மரத்தூள்," என்றார்.

பல் தேய்ந்த ஆக்ஸிலில் மரத்தூளைக் கொட்டிக் கெட்டி எண்ணெய் ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும். நூறு மைல் தாங்கலாம். ஐம்பதும் தாங்காமல் போகலாம்.

"பின் நட்டைக் கழட்டினியா?"

"இல்லை சாமி."

"ஏன்?"

நான் பலகையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு அவரே சாமான்களை எடுத்துக் கித்தான் பையில் போட்டார். அந்த மூன்றாவது ஸ்பேனரைக் கடைசியாகப் போட்டார். சந்தனம் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"போ," என்றார்.

அன்றைக்குச் சுற்று வட்டாரமெல்லாம் தசரா பார்க்க மைசூருக்கு வந்துகொண்டிருந்தது. எதிரே வந்த பஸ்களின் கூரையிலும் ஆட்கள். நான் ஏறின பஸ்ஸில் நாங்கள் ஐந்து பேர். கண்டக்டர் என் பையைப் பார்த்து, "எல்லாரும் யானை பாக்க வர்றாங்க, நீ எங்க ஓடற?" என்றான். நஞ்சன்கூட்டில் பஸ் கால் மணி நேரம் நின்றது. நான் இறங்கி ரோட்டில் நடந்து பார்த்தேன், வேகன் எங்காவது தெரிகிறதா என்று. பஸ் வந்து ஹாரன் அடித்ததும் ஏறினேன். ஏறியும் உட்கார முடியவில்லை. படியருகிலேயே நின்றேன்.

நஞ்சன்கூடு தாண்டிப் பத்துப் பன்னிரண்டு மைலில் வேகன் நின்றிருந்தது. மைசூரைப் பார்த்து நின்றிருந்தது. அதாவது போய்விட்டு, யாரையோ ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் குதித்தேன்.

உள்ளே ஒரு பெண் படுத்திருந்தாள். நர்ஸம்மா அவள் தலைமாட்டில். வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோதே இரண்டாம் நாள் வலியோடு அவள் காத்திருந்தாளாம். இறக்காமல் திருப்பிவிட்டார்கள். பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு வண்டி ரோட்டில் தேய்ந்து நின்றுவிட்டது என்றான் சிக்கண்ணா. மூன்று பஸ்ஸை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றிலும் உட்காரவே இடமில்லை, படுக்க எங்கே.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் நர்ஸம்மா.

"துணியில மரத்தூள் இருந்துது அம்மா. நான் நேத்து நட்டைக் கழட்டலை."

அவர் "இப்போ கழட்டு," என்றார்.

பின் ஆக்ஸில் செத்தது செத்ததுதான். ஆனால் அது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. முன் ஆக்ஸிலைத் தரகன் தொட்டிருக்க மாட்டான், அது சத்தம் போடாது, ஓட்டுகிறவர்கள் அதை இன்ஜினோடு அதிகம் இணைப்பதில்லை. இன்ஜின் பக்கத்திலிருந்து பின்னால் போகும் சுழல் தண்டைக் கழற்றிவிட்டு, இரண்டு பின் சக்கரத்துக்குள்ளும் இருக்கும் ஆக்ஸில் தண்டை உருவிவிட்டால், பின் சக்கரம் சும்மா உருளும். முன் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும். போக வேண்டும். நான் செய்து பார்த்ததில்லை. அய்யங்கார் ஒருமுறை செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெண்ணின் புருஷன் ஹனூர்ப் பக்கம். வரப்புச் சேறு காய்ந்த கால்களோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"ஏனுங்க மேஸ்திரி, வண்டி போவுங்களா?"

வாய்க்குள் "போகும்" என்பது வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தெரியலைங்க," என்றேன்.

"தெரியலையா?"

"நேத்து தெரியும்னு சொன்னேன். அதான் இங்க நிக்குது."

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். துண்டை இடுப்பில் கட்டினான்.

"அப்ப நான் எதைப் புடிக்கோணும், சொல்லுங்க."

சுழல் தண்டு அரை மணியில் கழன்றது. இடது பக்க ஆக்ஸில் தண்டு இழுத்ததும் வந்தது. வலது வரவில்லை. பத்து நட்டும் கழற்றியாயிற்று, வரவில்லை. சுத்தியலால் தட்டினேன், சிக்கண்ணா கம்பியால் நெம்பினான். உள்ளே பல் உடைந்து சிக்கியிருந்தது. வெயில் தலைக்கு நேரே வந்தது. உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. நான் நிமிர்ந்து நர்ஸம்மாவைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்காதே. வேலையைப் பாரு," என்றார்.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, புருஷனை முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னேன். பத்துப் பதினைந்து ஆட்டலில் ஏதோ இடம் மாறியது. தண்டு பாதி வந்தது. பிறகு முழுவதும் வந்தது. ஓட்டையில் துணியை அடைத்து மூடினேன். நான் வந்திறங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

சிக்கண்ணாவை நகரச் சொல்லி நானே ஓட்டினேன். முன் சக்கரம் இழுத்தது. மேடு வந்தால் வழுக்கும். மெதுவாக, நிறுத்தாமல் ஓட்டினேன்.

மைசூர் வாசலில் ரோடு முழுக்க ஜனம். ஊர்வல நேரம். போலீஸ்காரர் கையைக் காட்டி, "இல்லி பிடல்லா, ஹிந்தே ஹோகு," என்றார். இங்கே விட மாட்டேன், பின்னால் போ என்று. நர்ஸம்மா இறங்கிப் பின் கதவைத் திறந்து காட்டினார். போலீஸ்காரர் தொப்பியைச் சரி செய்துகொண்டு முன்னால் நடக்கத் தொடங்கினார். நர்ஸம்மாவும் நடந்தார். ஜனம் விலகியது. பானெட்டில் பூஜை மாலை அப்படியே இருந்தது. ஊர்வலத்துக்குப் போகிற வண்டி என்று நினைத்து இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வெளியே வந்தபோது நான் எழுந்தேன். இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்கப் போனேன். நர்ஸம்மா என் கையைப் பிடித்தார். "கேக்காதே," என்றார். "என்ன சொன்னாலும் உனக்கு ஆகாது." நான் கேட்கவில்லை. அன்று கேட்காததும், அதற்கு முன்தினம் கேட்காததும், இரண்டும் என்னிடம் இருக்கின்றன.

புருஷன் கையில் இன்னும் என் கிரீஸ் இருந்தது. என் சோப்பை வாங்கிக் கழுவிக்கொண்டான்.

பட்டறைக்குப் போனபோது அய்யங்கார் விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களா சாமி?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். பலகை காலியாக இருந்தது, பூ மட்டும் வாடிக் கிடந்தது.

"தெரியலை," என்றார்.

அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசினதில்லை. தரகன் பிறகு மைசூர்ப் பக்கம் வரவில்லை. வேறொரு உடைந்த வேகனின் பின் ஆக்ஸிலை வாங்கி நான் மாட்டிக் கொடுத்தேன். நர்ஸம்மாவின் வண்டி பல வருஷம் ஓடியது. மாதம் ஒரு முறை சிக்கண்ணா கொண்டுவருவான். பின் நட்டைக் கழற்றி விரலில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவேன். சிக்கண்ணா, "ஏன் சூசை, ஆயில்ல கல்யாண மோதிரம் தேடறியா?" என்று கிண்டல் பண்ணுவான். தேடுவேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேல் வரிசையில் ஒன்று குறைந்தது. தேடினேன். முற்றத்து ஜன்னலில் தனியாக இருந்தது. சந்தனம் இல்லை, பூ இல்லை. அந்த மூன்றாவது ஸ்பேனர். அய்யங்கார் வாசலில் பொரி கலந்துகொண்டிருந்தார். நான் பார்த்ததை அவர் பார்த்தார். வேலையைத் தொடர்ந்தார். அதற்கடுத்த வருஷமும் அது ஜன்னலிலேயே இருந்தது.

மூன்றாம் வருஷம் பூஜை அன்று மதியம் வேறொரு தரகன் ஒரு பெரிய வண்டியைக் கொண்டுவந்தான். வாழைக்கன்று, மாலை, எல்லாம் இருந்தது. வாங்குகிறவர் அவசரப்படுகிறார், இன்றைக்கே வார்த்தை வேண்டும் என்றான். நான் துணியை விரித்துவிட்டு ஜன்னலுக்குப் போய் ஸ்பேனரை எடுத்தேன்.

"இன்னிக்கு ஸ்பேனர் எடுக்கலாமா?" என்றான்.

அய்யங்கார் நாற்காலியிலிருந்து திரும்பாமலே, "அவன் எடுக்கலாம்," என்றார்.

அவன் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தான். சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லி ஏறிப் போனான்.

சாயங்காலம் வரை துணியை எடுக்காமல் விட்டிருந்தேன். அவன் வரவில்லை. பிறகு மடித்து வைத்தேன்.